வாத்தம்மா சாப்பிடக் கூப்பிடுகிறாள்

என் அருமை வாயாடிக்கு,

கார்ட்டூன் படங்களில் இத்தனை வருஷம் பேசியதற்கு உனக்கு விருதாமே. வளையலைக் கழற்றி வைத்துவிட்டு, கன்னத்தில் ஆப்பிள் துண்டை அடக்கிக்கொண்டு, மைக்கின் முன் அணிலாகவே மாறி நின்றாயே, அந்த வித்தைக்கு ஒரு விருது எந்த மூலைக்கு?

ஆனாலும் உன் வாத்தம்மாவுக்கு ஈடில்லை. அந்தத் தாய் வாத்து தன் குஞ்சுகளை அதட்டுவதைக் கேட்டு அம்மா வயிறு வலிக்கச் சிரிப்பாள். "யாருடி இந்த அடங்காப்பிடாரி?" என்று உன்னிடமே கேட்டாள். நீ அவள் குரலைத்தான் அப்படியே உரித்து வைத்திருந்தாய் என்று கடைசிவரை அவளுக்குத் தெரியாது.

அப்பா நன்றாக இருக்கிறார் என்று போனில் சொன்னேன். இருக்கிறார். அம்மா போனதிலிருந்து சாப்பாட்டு மேஜைக்கு மட்டும் வருவதில்லை. தட்டு அவர் அறைக்குப் போகும், பாதியோடு திரும்பும்.

நேற்று மத்தியானம் என் மகளுக்கு அந்தப் பழைய படத்தைப் போட்டுவிட்டேன்.

"ஆறிப்போகுது! எத்தனை தடவை கூப்பிடறது?" என்று வாத்தம்மா கத்தியதும், உள்ளேயிருந்து அப்பாவின் குரல் வந்தது. "வரேன், வரேன். ஏன் கத்தறே?"

வந்தவர் டிவியைப் பார்த்து அப்படியே நின்றார். நான் கரண்டியும் கையுமாக நின்றேன். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"சின்னவ நல்லாத்தான் கத்தறா. தட்டை வை."

இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

விழா முடிந்ததும் வந்து சேர். வந்து எங்களைச் சாப்பிடக் கூப்பிடு. நான் கூப்பிட்டால் இந்த வீட்டில் ஒருவரும் அசைவதில்லை.

உன் அக்கா