சைரன் சத்தத்தில் வந்த ஒரு நிமிடம்

என் ரேவதியின் அப்பாவுக்கு,

நலமா என்று கேட்க வாய் வருகிறது, பாருங்கள். போய்ச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகப்போகிற மனிதரிடம் என்ன கேள்வி இது! இங்கே நான் நலமாக இல்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஊரே படிக்கட்டும். என்னைப்போல் போனில் கத்திவிட்டு முழிக்கிற அம்மாக்கள் இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்களோ.

உங்கள் மகளுக்கும் எனக்கும் சண்டை. இந்த வெள்ளிக்கிழமை உங்கள் தெவசம் அல்லவா? போன வருடம் அவள்தான் இலை போட்டுப் படைத்தாள். உங்கள் போட்டோவுக்கு முன்னால் மிலிட்டரி கேன்டீன் ரம்மை வைத்து, "அப்பா, ஒரு பெக்குதான்" என்று கண்டித்ததும் அவள்தான். இந்த வருடமும் வருவதாக டிக்கெட் எடுத்திருந்தாள். போன வாரம் போன் செய்து, "லீவு கேன்சல் ஆயிடுச்சும்மா, வர முடியாது" என்றாள். ஏன் என்று கேட்டேன். "சொல்ல முடியாதும்மா" என்றாள்.

வந்ததே எனக்குக் கோபம். "பட்டாளத்து ஆஸ்பத்திரில ஊசி போட்டு, கட்டு கட்டுற வேலதானே செய்யற? துப்பாக்கியா தூக்கிக்கினு நிக்கற? அப்பன் தெவசத்துக்கு வராத பொண்ணு எனக்கு எதுக்கு? இனிமே போனே பண்ணாத" என்று சொல்லிக் கட் பண்ணிவிட்டேன்.

மறுநாள் காலை டிவியைப் போட்டால், எல்லையில் பதற்றம், ராணுவத்தில் எல்லோருக்கும் விடுப்பு ரத்து என்று ஓடிக்கொண்டிருக்கிறது. கையில் இருந்த காபி டம்ளரோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவளுக்குப் போன் போட்டேன். ஸ்விட்ச் ஆஃப்.

இருபத்திரண்டு வருடம் பட்டாளத்துக்காரரோடு குடும்பம் நடத்தியவள் நான். ரேவதிக்குக் காது குத்தும்போது உங்களுக்கு லீவு இல்லை என்றீர்கள். ஏன், எங்கே என்று ஒரு வார்த்தை கேட்டேனா? என் தம்பி மடியில் உட்காரவைத்துக் குத்தி முடித்துவிட்டு, உங்களுக்கு போட்டோ அனுப்பினேன். உங்களிடம் கேட்காத கேள்வியை அவளிடம் மட்டும் ஏன் கேட்டேன்? நர்ஸ் வேலைதானே, இதெல்லாம் ஒரு பட்டாளமா என்று எனக்குள் ஓர் எண்ணம் இருந்திருக்கிறது. அவள் சேர்ந்த அன்று முறுக்கிய மீசையோடு தாமல் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தீர்களே, அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை.

நாலு நாள் போன் இல்லை. வீட்டுக்குள் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போல் இருந்தது. போர் வந்தால் உதவ வார்டில் பெண்கள் தொண்டர் அணிக்கு ஆள் சேர்க்கிறார்கள் என்று எதிர்வீட்டு மல்லிகா கூப்பிட்டாள். போய்விட்டேன். ஆரஞ்சு சட்டை, கழுத்தில் ஒரு விசில். காயத்துக்குக் கட்டுப் போடவும், ஸ்ட்ரெச்சர் தூக்கவும், சைரன் அடித்தால் சனங்களை வீட்டுக்குள் விரட்டவும் பழக்கினார்கள். சிரிக்காதீர்கள். மல்லிகாவின் கையில் மூன்று தரம் கட்டுப் போட்டேன், மூன்று தரமும் அவிழ்ந்துவிட்டது. "அண்ணி, நீ கட்டி முடிக்கறதுக்குள்ள என் ரத்தம் பூரா போயிடும் போல இருக்குது" என்றாள். அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை காலை போர்க்கால ஒத்திகை. அன்றைக்குத் தெருவில் யாரும் நெசவு நூலை நீட்டிப் பாவு விரிக்கக் கூடாது என்று வீடு வீடாகச் சொல்வது என் பொறுப்பு. முந்தின நாள் சாயங்காலம் சொல்லிக்கொண்டே போனேன். கடைசி வீடு நெசவுக்காரர் தனபாலுடையது. அதற்குள் போன் அடித்தது. பதறி எடுத்தால், ரீசார்ஜ் முடியப்போகிறது என்று ஒரு கம்பெனிக் குரல். அப்படியே வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். தனபாலிடம் சொல்லவே இல்லை.

காலையில் வந்து பார்த்தால் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை அரக்கு நிறத்தில் பட்டுப் பாவு. ஐந்தாறு பேர் கழிகளைப் பிடித்துக்கொண்டு இழை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் சைரன் அடித்துவிட்டது.

"தனபாலு, வுட்டுட்டு உள்ள போப்பா!"

"யக்கா, கழிய வுட்டா மூணு பொடவ பாவும் சிக்காயிடும். தல போனாலும் வுட மாட்டேன். நேத்தே ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னா உனக்கு?"

நியாயமான கேள்வி. பதில் சொல்ல நேரமில்லை. இந்தப் பக்கத்து வீட்டிலிருந்து, காயம்பட்டவளாக நடிக்கும் காலேஜ் பெண்ணை நாலு பேர் ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். ஆம்புலன்ஸ் நிற்பதோ எதிர்ச் சந்தில். நடுவில் பாவு. பயிற்சி கொடுக்கிற மேடம் மைக்கில் கத்துகிறார்: "அங்க என்ன அடைப்பு? இதுவே நெசமா இருந்தா அந்தப் பொண்ணு பொழைக்குமா?"

அந்தக் கேள்வி எனக்கு எங்கே போய்க் குத்தியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஓடிப்போய் நானும் ஒரு கழியைப் பிடித்தேன். "தூக்குங்க! எல்லாரும் ஒண்ணா தலைக்கு மேல தூக்குங்க!" என்று அலறினேன். தெருவே சேர்ந்து பாவைத் தூக்கிப் பிடித்தது. ஸ்ட்ரெச்சர்காரிகள் குனிந்து கீழே நுழைந்தார்கள். அந்த நேரம் பார்த்து என் சட்டைப் பையில் போன் அடித்தது.

இரண்டு கையும் மேலே. விட்டால் பாவு அந்தப் பெண்ணின் மேல் விழும். "மல்லிகா, எடுடி!" என்றேன். அவள் போனை உருவி, ஸ்பீக்கரில் போட்டு என் காதருகே பிடித்தாள்.

"அம்மா, நான்தான். வேற ஒருத்தங்க போன்ல பேசறேன், ஒரு நிமிஷம்தான் இருக்குது. இன்னும் கோவமா இருக்கியா?"

இல்லைடி என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் சைரன் இரண்டாம் முறை எழுந்தது.

"என்னம்மா சத்தம் அது? சைரனா? அங்கயுமா? அம்மா, எங்க நிக்கற? உள்ள போம்மா!"

"ட்ரில்லுடி! ஒத்திகடி!" என்று கத்தினேன். மல்லிகாவும் கத்தினாள். ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த பெண்கூட எழுந்து உட்கார்ந்து கத்தினாள். எது அவள் காதில் விழுந்ததோ தெரியாது, லைன் போய்விட்டது. திரும்பக் கூப்பிட்டால் அந்த எண் கிடைக்கவில்லை.

ஸ்ட்ரெச்சர் அந்தப் பக்கம் போனதும் பாவை மெதுவாக இறக்கினோம். தனபால் இழைகளைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் ஆவல, போக்கா" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் மட்டும் போனையே பார்த்துக்கொண்டு நின்றேன். இத்தனை நாள் அவளுக்கு என்ன ஆனதோ என்று நான் செத்துக்கொண்டிருந்தேன். இப்போது எனக்கு என்ன ஆனதோ என்று அங்கே அவள். அந்தப் பதற்றத்தோடு எந்தக் காயத்துக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறாளோ?

நேற்றுக் காலை அந்த எண்ணிலிருந்து ஒரு மெசேஜ் வந்து விழுந்தது. லைன் போன கையோடு அனுப்பியிருக்கிறாள், தாமதமாக வந்திருக்கிறது. "அம்மா, லைட்ட ஆஃப் பண்ணிட்டு உள்ளயே இரு. ஜன்னல் கிட்ட நிக்காத. பயப்படாத, நான் வந்துடறேன்."

வர முடியாது என்று சொன்னதற்காகத்தானே அவளைத் திட்டினேன்? அவளால் வர முடியாது என்பது அவளுக்கும் தெரியும். ஆனாலும் எனக்கு ஆபத்து என்றதும் வந்துவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறாள். படித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். "ஒத்திகைதான் கண்ணு, நான் நல்லா இருக்கேன். உன்மேல எனக்குக் கோவமே இல்ல" என்று பதில் அனுப்பினேன். இதை எழுதுகிற இந்த நிமிடம் வரை ஒரே ஒரு டிக்தான் விழுந்திருக்கிறது, இன்னும் அவளை எட்டவில்லை.

இன்று காலை உங்கள் அண்ணன் போன் செய்து, "நாளைக்குத் தெவசத்துக்கு எல்லாம் வாங்கிட்டியாம்மா?" என்றார். செய்யப்போவதில்லை என்றேன். "தேதிய மாத்தக் கூடாதும்மா. செத்தவன் பட்டினி கெடப்பான்" என்றார். "அவரு பட்டாளத்துல இருந்தவரு மாமா, பட்டினி அவருக்குப் புதுசு இல்ல" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஆகவே, நாளைக்கு உங்களுக்கு இலை கிடையாது. ரம்மும் கிடையாது. அவள் என்றைக்கு வந்து இறங்குகிறாளோ அன்றைக்குத்தான் உங்கள் தெவசம், அவள் கையால்தான் படையல். ஏன் வரவில்லை, எங்கே இருந்தாய் என்று ஒரு கேள்வி கேட்க மாட்டேன். இது உங்கள்மேல் சத்தியம். அதுவரை பசி பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி,
பட்டாளத்துக்காரி ரேவதியின் அம்மா.