கதவு சாத்தியாச்சு

ஆஸ்பத்திரி அறையில் இருந்தவர்கள்: நான், நம் மகள் கவிதா, குழந்தை மருத்துவரம்மா, நீல விளக்கின் கீழே கண்ணைக் கட்டிப் படுக்க வைத்திருந்த உங்கள் பேத்தி. பிறந்து நான்காம் நாள். ஐந்தாவதாக உங்களையும் நோட்டில் எழுதிவிட்டுக் கோடு போட்டு அடித்தேன்.

குழந்தைக்கு மஞ்சள் காமாலை. எத்தனை முறை பால் குடித்தாள், எத்தனை துணி நனைத்தாள் என்று நான் குறித்திருந்ததைப் பார்த்து மருத்துவரம்மா சிரித்தார்.

"பயப்படாதீங்கம்மா. பழைய ரத்த அணு உடையறப்ப இந்த மஞ்சள் வரும். கூடவே துளி கார்பன் மோனாக்சைடும் வரும். அது மூச்சுல போயிரும்."

அந்தப் பெயர் எனக்குத் தெரியும். உங்கள் பிரேதப் பரிசோதனைத் தாளில் இருந்தது.

"சன்னலெல்லாந் தொறந்துதானுங்க வெச்சிருக்கறோம்! எப்படீங்க உள்ள வந்துச்சு?" என்று கத்திவிட்டேன்.

"வெளிய இருந்து வரலீங்க. உங்க உடம்பு, என் உடம்பு, எல்லாத்துலயும் கொஞ்சூண்டு உண்டாயிட்டேதான் இருக்கும்."

கவிதா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா நெனப்பாம்மா?"

வராந்தாவில் உட்கார்ந்து கைப்பேசியில் எழுத்துக்கூட்டிப் படித்தேன். அந்தக் கொஞ்சம் உடம்புக்குள் ஏதோ வேலையும் செய்கிறதாம். செடிகொடியிலும் உண்டாம். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. உங்களைக் கொன்றதை மாரியாத்தா எதற்காகப் பேத்தியின் மூச்சிலும் வைத்தாள்? அதற்குப் பயந்துதானே நான் மூன்று வருடமாகச் சாமிக்குச் சாம்பிராணிகூடப் போடவில்லை?

நீங்கள் போன அன்று மழை. குமாரபாளையம் முழுக்கக் கரண்டு இல்லை. ஜெனரேட்டர் நனையக்கூடாதென்று தறிக்கூடத்துக்குள்ளேயே இழுத்து வைத்து ஓட்டினீர்கள். நான் கோயிலிலிருந்து போன் செய்தேன்: "சாரல் அடிக்குதுங்க. தறியில பாவு நூலு நனைஞ்சிரும், கதவச் சாத்துங்க."

"சாத்தியாச்சு அம்முணி" என்றீர்கள். நான் நிம்மதியாகத் தீபாராதனை பார்த்தேன். திரும்பி வந்தபோது கதவு சாத்தித்தான் இருந்தது, உள்ளே ஜெனரேட்டர் புகை அடைந்து கிடந்தது. நீங்கள் நூல் மூட்டைமேல் சாய்ந்து தூங்குவதுபோல் இருந்தீர்கள்.

உங்கள் 'ஆச்சு'வை எப்படி நம்புவது? "பால் வாங்கியாச்சுங்களா?" என்றால், "வாங்கியாச்சு" என்பீர்கள். அப்புறம்தான் செருப்பைத் தேடுவீர்கள். "வாய் முன்னால போவுது, காலு பொறவால வருது" என்று நான் பழித்தால், "ரெண்டும் ஊடு வந்து சேந்துருமல்லோ?" என்று சிரிப்பீர்கள். அந்தச் சிரிப்பைத்தான் இன்னும் வைத்திருக்கிறேன், அந்தப் போனையும். போன் செய்ததை யாரிடமும் சொல்லவில்லை, கவிதாவிடம்கூட.

குழந்தையை நாளை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அவள் விடும் ஒவ்வொரு மூச்சுக்கும் நான் கதவைப் பார்ப்பேன். இப்படியே எத்தனை நாள்? செவ்வாய்க்கிழமை ஆத்தா முன்னால் பூக் கேட்கப் போகிறேன். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று என்று இரண்டு பொட்டலம் மடித்து வைத்து, ஒன்றை எடுக்கச் சொல்வேன். நான் சொல்லுமுன்பே கதவைச் சாத்தியிருந்தீர்களென்றால் வெள்ளைப் பூ வரட்டும். என் பேச்சைக் கேட்டு எழுந்துபோய்ச் சாத்தினீர்களென்றால் சிவப்பு. எது வந்தாலும் அன்றே கவிதாவிடம் சொல்லிவிடுவேன்.

முன்பா, பின்பா? அதை மட்டும் சொல்லுங்கள். செவ்வாய்க்கு இன்னும் மூன்று நாள்தான் இருக்கிறது. சீக்கிரம் சொல்லுங்கள்.