பெத்லகேமில் ஒரு மயிலைக்காளை

செப்டம்பர் 27, சனி

காலையில் தூறல். காலாண்டு விடுமுறை தொடக்கம். கணக்கு வீட்டுப்பாடம் தொடவில்லை. அம்மாவுடன் அன்னூர் பஸ். ஜன்னல் சீட்.

அம்மாவின் வேலையைத் தோழிகளிடம் சொன்னால் புரியாது. "பெயிண்டரா?" என்பார்கள். பெயிண்டர் இல்லை. பழைய கிறிஸ்தவக் கோயில்களின் பீடம், விதானம், சுரூபம் (சிலை) எல்லாவற்றையும் முன்பு இருந்தபடி மீட்டுக் கொடுப்பவள். இத்தனை நாள் இன்னொருவரிடம் வேலை. இது தனியாக எடுத்த முதல் கோயில். அக்டோபர் 2 காவல் சம்மனசுகள் (தேவதூதர்கள்) திருவிழா. அதற்குள் முடிய வேண்டும். இது நன்றாக வந்தால்தான் அடுத்த கோயில்.

முடிந்தவை: பீடத்தைச் சுற்றி மின்னிய சீரியல் பல்புகளைக் கழற்றியாகிவிட்டது (நிம்மதி). விதானத்தின் பழைய நீலம். இரண்டு சம்மனசுகளின் முகம்.

பாக்கி: பீடத்தின் அடிப்பலகை. இயேசு பிறப்பு, பக்கத்தில் மாடும் கழுதையும், மரத்தில் செதுக்கியது. மேலே தடிமனாக வெள்ளை எனாமல் பெயிண்ட்.

அம்மா சின்னக் கத்தியால் மாட்டின் முதுகைச் சுரண்டினாள். எனாமலுக்கு அடியில் பட்டி (பள்ளம் நிரப்பப் பூசும் மாவு). முதுகு தட்டையாகத் தெரிவதற்காக யாரோ இருபுறமும் பட்டியை அப்பி மேடாக்கியிருக்கிறார்கள். பட்டி பெயர்ந்து விழுந்ததும் நடுவில் ஒரு திமில்!

மர வேலை பார்க்கும் செல்வம் மாமா குனிந்து பார்த்தார். சிரிப்பு.

"அக்கா, இது காங்கேயங்காளையாட்டம் இருக்குதுங்க! பெத்லகேமுக்கு எந்த பஸ் புடிச்சுப் போச்சோ!"

அந்த நேரம் பார்த்து அருளப்பன் ஐயா. பங்குப் பேரவையின் (கோயில் நிர்வாகக் குழு) துணைத் தலைவர், ரிட்டயர்டு வாத்தியார். சிரிக்கவில்லை.

"ஏனுங்க அம்மணி, பெத்லகேம்ல ஏதுங்க திமிலு? பைபிள் படத்துல எங்கயாச்சும் பாத்திருக்கறீங்களா? செதுக்குன ஆசாரி தெரியாமப் பண்ணிப்போட்டான். அறுத்துப்போட்டு மட்டம் பண்ணிருங்க."

"அது தனியா ஒட்டுனது இல்லீங்கய்யா. உடம்பும் திமிலும் ஒரே மரம். ரேகை பாருங்க, கழுத்துல இருந்து அப்படியே ஏறுது."

"திருவிழாவுக்கு வெளியூர்ச் சனம் வரும். பாத்துச் சிரிக்கோணுமா?"

சாமி (பங்குத்தந்தை) வந்து, திங்கள் சாயங்காலம் பேரவையில் பேசி முடிவு செய்வோம் என்றார். அதுவரை ரம்பம் எடுக்கக் கூடாது.

வீடு திரும்பும் வழியில் அம்மா கடைக்குப் போனாள். எனக்குக் கடலை மிட்டாய் வாங்கித் தந்தாள், அவள் தின்னவில்லை.

செப்டம்பர் 28, ஞாயிறு

பூசைக்கு அங்கேயே போனோம். அதன் பிறகு வேலை. எனாமல் முழுக்கப் போய்விட்டது. மாட்டின் உடம்பு வெளிர் சாம்பல். திமிலிலும் கழுத்திலும் கருப்பு.

"மெழுகுவர்த்திப் புகை" என்றாள் அம்மா. பஞ்சில் மருந்து தொட்டுத் திமிலின் ஒரு ஓரத்தைத் துடைத்தாள். கருப்பு பஞ்சோடு வந்துவிட்டது. மீதியைத் துடைக்கச் செல்வம் மாமாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினோம். நானும் புகை என்றே நினைத்தேன்.

பஸ் கொஞ்ச தூரம்தான் போயிருக்கும். சோளக்காட்டு ஓரம் ஒரு காளை கட்டியிருந்தது. உடம்பு சாம்பல். திமில் கருப்பு. கழுத்து கருப்பு.

"அம்மா! புகை இல்ல! அங்க பாரு!"

அம்மா பார்த்தாள். உடனே செல்வம் மாமாவுக்குப் போன். அவர் எடுக்கவில்லை. மறுபடியும் போன். பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்: "செல்வம், தொடாதீங்க! பஞ்சக் கீழ வைங்க! அது புகை இல்ல, நெறம்!"

டீ குடிக்கப் போயிருந்தாராம். டீக்கடைக்கு ஸ்தோத்திரம்.

"மயிலைன்னு நானே சொல்லியிருக்கோணுமுங்க அக்கா" என்று போனில் அவருக்கு ஒரே வருத்தம். சாம்பல் உடம்பு, கருத்த திமில் என்றால் மயிலை. எனக்கு இன்று தெரிந்தது.

அம்மா என் கையை விடவே இல்லை. "உன்ற கண்ணு இல்லீன்னா நானே அழிச்சிருப்பேன், கண்ணு."

கணக்கு: இரண்டு பக்கம் முடித்தேன்.

செப்டம்பர் 29, திங்கள்

காற்று பலம். பேரவைக் கூட்டம் கோயிலுக்குள்ளேயே, பீடத்துக்கு எதிரில். நான் கடைசி பெஞ்சு.

அம்மா முதலில் சொன்னது தன் தவறை. "ஒரு ஓரத்தப் புகைன்னு நெனச்சுத் துடைச்சுப்போட்டேனுங்க. மிச்சம் பத்திரமா இருக்குது." யாரும் கேட்கவே இல்லை, அவளாகச் சொன்னாள்.

பிறகு, "மயிலைக்கு எங்கெங்க கருப்பு வரோணும்னு தெரிஞ்சு அந்த ஆசாரி தீட்டியிருக்கறாருங்க. தெரியாமப் பண்ணுனது இல்ல. அறுக்கச் சொன்னா நான் அறுக்க மாட்டேன். வேற ஆளப் பாத்துக்குங்க."

முதல் கோயில். வேறு ஆளாம்!

அருளப்பன் ஐயா: "மாடு காங்கேயம்னா, கழுதை எந்த ஊருங்க? அன்னூருங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும்.

சிரிப்பு அடங்கியதும் ரோசம்மா அக்கா எழுந்தார். கோயில் கூட்டுபவர், பேரவை உறுப்பினரும்கூட.

"எங்க அப்பன் சாகற மட்டும் நெலத்துக்காரப் பண்ணாடி ஊட்டுக் காளையத்தானுங்க மேய்ச்சுது. குளிப்பாட்டும், கொம்பு சீவும். ஒருக்காலும் என்ற மாடுன்னு சொன்னதில்லீங்க. சேசு பாலனுக்குக் குளிராம மூச்சுடுற மாடு ஒண்ணாச்சும் எங்க மாடா இருக்கட்டுமுங்க."

உட்கார்ந்துவிட்டார். காற்றில் கதவு அடித்துக்கொண்டது.

சாமி, "திமில் இருக்கட்டும்னா கை தூக்குங்க" என்றார். அருளப்பன் ஐயா கடைசியாக, பாதிக் கை.

திமில் இருக்கும்!

அக்டோபர் 1, புதன்

வெயில். அம்மா துடைத்த ஓரத்துக்கு வண்ணம். நிரப்பிப் பூசவில்லை. மயிர்க்கோடு போல ஒவ்வொரு கோடாக, மெல்லிய பிரஷ்ஷில். ஏன் என்று கேட்டேன்.

"தூரத்துல இருந்து பாத்தா ஒண்ணாத் தெரியோணும். பக்கத்துல வந்தா இது அந்த ஆசாரி தீட்டுனதில்ல, நான் தீட்டுனதுன்னு தெரியோணும். அவரு வேலைய என்ற வேலையின்னு ஏமாத்தக் கூடாது, என்றத அவரோடதுன்னும் ஏமாத்தக் கூடாது."

இதை அப்படியே எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது. எழுதிவிட்டேன்.

பின்னல் ரிப்பன் தொலைந்தது.

அக்டோபர் 2, வியாழன்

திருவிழா. காலையிலேயே மேளம். மல்லிகையும் சாம்பிராணியும். நீல விதானத்தின் கீழே எல்லோரும் அண்ணாந்து பார்த்தபடி வந்தார்கள். ஒரு சின்னப் பாப்பா "ம்ம்மா" என்று மாட்டைக் கூப்பிட்டது. கழுதையை யாரும் கண்டுகொள்ளவில்லை, பாவம்.

பூசை முடிந்ததும் அருளப்பன் ஐயா சோமனூரில் இருந்து வந்த உறவுக்காரர்களைப் பீடத்துக்கே கூட்டிவந்தார். நானும் அம்மாவும் தூணுக்குப் பக்கத்தில்.

"நல்லாப் பாத்துக்குங்க மாப்ளே. அசல் மயிலைக்காளை. உங்க கோயில்ல இருக்குதா? எந்தக் கோயில்லயும் இருக்காதுங்க. அறுத்துப்போடோணும்னு இங்கயே சிலபேரு சொன்னாங்க. உட்ருவமா?"

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். நான் அவளைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இருவரும் சிரித்திருப்போம்.

"அதா, அந்த அம்மணிதான் செஞ்சது" என்று அம்மாவைக் காட்டிவிட்டு, திமிலைத் தடவக் கையை நீட்டினார். அம்மா பாய்ந்தாள்.

"ஐயா, கை! பெயிண்ட்டு இன்னும் காயலீங்க!"