சொல்லிவிட்டுப் போவது

ஜூலை 3, வியாழன்

விடாமல் மழை. துணி எதுவும் காயவில்லை. ஜெனியின் யூனிஃபார்ம் பாவாடையை அடுப்புக்கு மேலே கயிறு கட்டிப் போட்டேன். ஒரே புகை வாசம்.

தேயிலைக் கொழுந்து எடுத்துவிட்டு லயத்து வரிசை வீட்டுக்குத் திரும்பும்போதே மரியக்கா வாசலில் நின்றாள். பக்கத்து வீடு. காலையில் நான் வேலைக்குப் போன பிறகு ஜெனியை எழுப்பி ஸ்கூலுக்கு அனுப்புவது அவள்தான்.

"ஒம் மவ இன்னைக்கு ஒரு புள்ளயக் கடிச்சு வெச்சிருக்கா. நாளைக்கு ஒன்ன டீச்சர் வரச் சொல்லுச்சு."

ஒம் மவ. ஜெனியின் அப்பாவைக் கல்யாணம் பண்ணி இரண்டு மாதம்தான். கேட்க நன்றாக இருந்தது. விஷயம்தான் சரியில்லை.

உள்ளே அரிசி டப்பா கவிழ்ந்து கிடந்தது. கட்டிலுக்கு அடியிலிருந்து குரல்: "சித்தி, பூன தட்டிருச்சு." எங்கள் வீட்டில் பூனை கிடையாது.

அவர் டாக்சியை நிறுத்திவிட்டு வந்தார். கடித்த கதையைக் கேட்டதும் கை ஓங்கினார். நடுவில் போய் நின்றேன்.

"நீ தள்ளு. ரெண்டு போட்டாத்தான் அடங்குவா."

"இம்புட்டு நாளாப் போட்டீங்கல்ல, அடங்குனாளா?"

தட்டை எடுத்தார். சாப்பிட்டுப் படுத்துவிட்டார்.

ஜூலை 4, வெள்ளி

அரை நாள் லீவு. ஸ்கூல். டீச்சர் திட்டுவார் என்று நினைத்துப் போனேன். மலையாளக்காரர், ஆனால் தமிழ் நன்றாகப் பேசுகிறார்.

"மோள் மோசம் ஒண்ணுமில்ல கேட்டோ. நான் கிளாஸ்ல இருக்கிற வரைக்கும் தங்கம். ஆபீசுக்கு ஒரு நிமிஷம் போனா போதும், பெஞ்சைத் தள்ளுவா, பக்கத்துல இருக்கிறதக் கடிப்பா. வீட்ல எப்ப இப்படிச் செய்வா? கொஞ்சம் பாருங்க."

கடிபட்ட பெண்ணின் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். முகம் கொடுக்கவில்லை. இன்னொரு தடவை நடந்தால் வேறு ஸ்கூல் பார்க்க வேண்டியிருக்கும் என்று டீச்சரும் சொன்னார், மெதுவாகத்தான்.

வரும் வழியெல்லாம் ஜெனி என் குடைக்குள். "நான் கெட்ட புள்ளயா சித்தி?" "இல்ல. ஒம் பல்லுதான் கொஞ்சம் கெட்ட பல்லு." கையால் வாயைப் பொத்திக்கொண்டு நடந்தாள்.

ஜூலை 6, ஞாயிறு

சர்ச்சில் பூசை. பாதியில் அவருக்கு போன், சத்தமில்லாமல் எழுந்து வெளியே போனார். ஜெனி திரும்பினாள், அப்பா இல்லை. அடுத்த நொடி ஒரு செருப்பு பறந்தது. பாட்டுக்காரப் பெண்கள் பக்கம் போய் விழுந்தது. பாட்டு நின்றது. ஃபாதர் சிரிப்பை அடக்கியதைப் பார்த்தேன். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. யாராவது சொல்லாமல் போனால்தான் இவளுக்கு இப்படி வருகிறதா?

மதியம் மரியக்காவிடம் கேட்டேன். உள்ளி உரித்துக்கொண்டே சொன்னாள்.

"இவ அம்மாவ ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறப்ப இது தூங்கிக்கிட்டு இருந்துச்சு. அப்பறம் பிரேதம் வருமுன்ன போடியில அத்தை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. ஊருக்குப் போயிருக்கா, வந்துருவான்னுதான் எல்லாரும் சொன்னோம். வேற என்னத்தச் சொல்ல?"

தினமும் நானும் அதைத்தானே செய்கிறேன். எழுந்தால் அழுவாள் என்று, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பூனை மாதிரி.

ஜூலை 7, திங்கள்

எழுப்பினேன். "சித்தி கொழுந்து எடுக்கப் போறேன். நீ ஸ்கூல் விட்டு வந்து கட்டஞ்சாயா குடிக்கிறப்ப வந்துருவேன்."

முந்தானையைப் பிடித்துக்கொண்டு லயம் முழுக்கக் கேட்கிற மாதிரி அலறல். மரியக்கா வந்து விரலைப் பிரித்தாள். "சொல்லாமப் போயிருந்தா புள்ள நிம்மதியாக் கெடந்திருக்கும்ல? கோட்டி புடிச்சிருக்கா ஒனக்கு?"

மலையேறும்போது கண்ணீர். மழையில் யாருக்கும் தெரியவில்லை.

சாயங்காலம் ஓடி வந்து சேர்ந்தேன். சாயா கிளாசுடன் உட்கார்ந்திருந்தாள். குடிக்கவில்லை, பிடித்துக்கொண்டு மட்டும் இருந்தாள். என்னைப் பார்த்த பிறகுதான் முதல் வாய்.

ஜூலை 9, புதன்

நேற்றும் அழுகை. இன்று அழுகைக்குப் பதில் கேள்வி.

"மழ பேஞ்சா?"

"பேஞ்சாலும் வருவேன்."

"அட்ட கடிச்சா?"

"அட்டயவும் கூட்டிக்கிட்டு வருவேன்."

சிரித்துவிட்டாள்! பிறகு ஞாபகம் வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

டீச்சரிடம் போனில் எல்லாம் சொன்னேன். இனிமேல் வெளியே போகும்போது அவளிடம் சொல்லிவிட்டுப் போகிறாராம். உப்பு, சோப்பு வாங்கணும்.

ஜூலை 11, வெள்ளி

இந்த வாரம் யாரையும் கடிக்கவில்லை. ஒரு ஸ்லேட் மட்டும் உடைந்தது.

நாளை விடியுமுன் அவருக்குக் கொச்சி ஏர்ப்போர்ட் சவாரி. "தூங்குறப்பவே கெளம்பிருவேன்" என்றார்.

"எழுப்பிச் சொல்லிட்டுப் போங்க."

"அழுவா."

"அழட்டும்."

"என்னால பாக்க முடியாது மேரி."

அப்போதுதான் தெரிந்தது, இந்த மனுஷன் கோபக்காரர் இல்லை, பயந்தாங்கொள்ளி.

ஜூலை 12, சனி

எழுப்பினார். நான் மறுபடி சொல்லவே இல்லை, அவராகவே. கட்டிலில் உட்கார்ந்து, "பாப்பா, அப்பா கொச்சிக்குப் போறேன். சாயங்காலம் வந்துருவேன்."

பாதித் தூக்கத்தில் கேட்டாள்: "அம்மா மாதிரி ஆஸ்பத்திரிக்கா?"

அவர் போர்வையை இழுத்து இழுத்து விட்டார். கடைசியில், "இல்லம்மா. வண்டி ஓட்ட. அம்மா வரமாட்டா, செத்துப்போயிட்டா. அப்பா வருவேன்." இந்த வீட்டில் முதல் தடவையாக அந்த வார்த்தை. ஜெனி அவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே தூங்கிப்போனாள்.

சாயங்காலம் அவரிடமிருந்து போன் வந்தது. அடிமாலிக்கு அந்தப் பக்கம் மண் சரிந்து ரோடு அடைத்திருக்கிறதாம். ஜெனி போனை வாங்க மறுத்தாள். டம்ளரைத் தூக்கினாள். "எறியத் தலகாணி இருக்குடி" என்று எடுத்துக் கொடுத்தேன். எறிந்தாள். நானும் ஒன்று எறிந்தேன், அவளைவிட பலமாக. எனக்கும் பயம்தான்.

இருட்டிய பிறகு வண்டிச் சத்தம். ஓடினாள். கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். முழங்கைக்குக் கீழே ஒரே கடி. அவர் கண்ணை இறுக்கி மூடினார். மற்றக் கை மேலே போனது. நான் ஓர் அடி முன்னால் வைத்தேன். கை மெல்ல இறங்கி அவள் தலையில் உட்கார்ந்தது.

"சாயங்காலம்னு சொன்ன."

"சொன்னேன்."

"இது ராத்திரி."

"ஆமா பாப்பா. மண்ணு சரிஞ்சு ரோட்ட மூடிருச்சு."

பல் தடத்தைப் பார்த்தாள். "வலிக்குதா?"

"வலிக்குது."

ஊதிவிட்டாள். இன்னும் ஊதிக்கொண்டிருக்கிறாள். சோறு ஆறிப்போய்விட்டது. கையை அசைக்காமல் உட்கார்ந்திருக்கிறார்.