ஒரு நாள் அமைதி

பட்டுக்குட்டிக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் வயிற்றிலிருக்கும் குட்டியும் சௌக்கியம்தானே? இங்கே நாங்கள் இருக்கிறோம், சௌக்கியமா என்று கேட்டால்தான் யோசித்துச் சொல்ல வேண்டும். ஃபோன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிக்காதே, காரணம் இருக்கிறது.

நம் வீட்டுக்குப் பின்னால் பஸ் பணிமனை வருகிறது. நகரத்தைச் சுத்தமாக்கப் புகையில்லாத பஸ் விடப் போகிறார்களாம், நல்லதுதான், ஆனால் ராத்திரி பகலாக ரிப்பேர் பார்ப்பதெல்லாம் நீ பிரசவத்துக்கு வந்து தங்கப்போகிற அறையின் சுவரை ஒட்டி. எல்லாம் உன் அப்பா காட்டிய மரியாதை. போன வருஷம் சத்தம் அளக்கிற கருவியை நம் மொட்டைமாடியில் வைக்க ஒரு பெண் வந்தாளே, அவள் தொடாதீர்கள் என்று மட்டும்தான் சொன்னாள். இவர் விடுவாரா? பரீட்சை நடக்கிற மாதிரி வீடு வீடாகப் போய், "கருவி வெச்சிருக்காங்க, இன்னிக்கு ஒருநாள் யாரும் சத்தம் போடாதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். தகரப் பட்டறைக்காரர் கடையே திறக்கவில்லை. எதிர்வீட்டில் நாயைத் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நானும் மிக்ஸி போடாமல் ரொட்டியும் பழமுமாக ஒப்பேற்றினேன்.

இப்போது அந்த ஒரு நாள்தான் நம் தெருவாம். நகரத்தின் அளவுகளை எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில் சேர்த்து வைத்திருக்கிறார்கள், புதிதாக எது கட்டினாலும் என்ன பாதிப்பு வரும் என்று அதை வைத்துத்தான் கணக்குப் போடுவார்களாம். இங்கே ரொம்ப அமைதி, இன்னும் சத்தம் சேர்ந்தாலும் வரம்பைத் தாண்டாது என்று வந்துவிட்டது. அப்பாவும் பட்டறைக்காரரும் மாநகராட்சி அலுவலகத்தில் தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தார்கள். அதிகாரி பாவம், சிரிக்கவும் முடியாமல், "பதிவுல இருக்கறதைத்தாங்க நாங்க எடுத்துக்க முடியும், இப்ப மறுபடி அளந்தா கட்டட வேலைச் சத்தம்தானே விழும், அது கணக்குல வராதே" என்றாராம். வீட்டுக்கு வந்து உட்கார்ந்த உன் அப்பா டிவிகூடப் போடவில்லை. திட்டலாம் என்று பார்த்தேன், மனசு வரவில்லை. நானும்தானே வாயை மூடிக்கொண்டு இருந்தேன்? என்ன செய்வதென்றே தெரியவில்லையடி. தொட்டிலை முன் அறைக்கு மாற்றினோம், அங்கேயும் கேட்கிறது. ஜன்னல் இடுக்கில் பழைய துணி திணித்தோம், ஊஹூம்.

ஞாயிற்றுக்கிழமை நீ ஃபோனில் வெகுநேரம் பேசினாய். பின்னால் மண் தோண்டுகிற இயந்திரம், ஒரு வார்த்தை காதில் விழவில்லை. உனக்குக் கவலை வேண்டாமே என்று சரிம்மா, சரிம்மா என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் நீ சிரித்தாயா அழுதாயா என்றுகூடத் தெரியவில்லை.

மாத்திரையை நேரத்துக்குப் போடு, படியில் பார்த்து இறங்கு. மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் இருங்கள். பதில் மட்டும் உடனே எழுது, நான் எதற்குச் சரி என்று சொன்னேன்?

உன் அம்மா