படத்தில் இல்லாத மாடுகள்

அன்பே,

நீ குளிக்கப் போன நேரத்தில் கடிதம் எழுதுவதற்கு மன்னித்துவிடு. நேரில் சொன்னால் சிரித்தே மழுப்பிவிடுவாய்.

மிசூரி மேடுகளில் எல்லாம் சைக்கிளை நிறுத்தி, "மாட்டைப் படம் எடுத்துட்டு வரேன், நீ போ" என்கிறாய். மதியம் நமக்குச் சாப்பாடு பரிமாறிய டார்லாகூடக் கேட்டாள்: "ஏன் தம்பி, மேட்டுல நீ ஏறினியா, மேடு உன்மேல ஏறிச்சா?" நீ சிரித்தாய். நெஞ்சில் வைத்த கையை மட்டும் எடுக்கவில்லை.

உன் போனைப் பார்த்தேன். ஒரு மாடுகூட இல்லை.

உன் அப்பாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது.

அமெரிக்காவைக் கடலிலிருந்து கடல்வரை சைக்கிளிலேயே கடப்போம், ஒரு மைல்கூட வண்டியில் ஏறுவதில்லை என்று சத்தியம் செய்தோம். பேசவே கூசும் நான், நம்மைத் தேவாலயத்தில் தங்கவைத்திருக்கும் போதகரிடம் கேட்டுவிட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போக அவருடைய பிக்கப் வண்டி வாசலில் நிற்கிறது.

தயவுசெய்து என்னோடு அதில் ஏறு.

இப்படிக்கு,
ஒவ்வொரு மேட்டின் உச்சியிலும் உனக்காகக் காத்திருந்தவள்