கஜபதியின் கூடப்பிறந்தவர்கள்

ஜூன் 11, 2025, புதன்

இன்று ஆபீஸில் எனக்காகக் கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்ததிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை.

புது மொபைல் கேமுக்கு ஒரு ஹீரோ வேண்டும் என்று ஸ்ரீகாந்த் சார் எங்களைப் பிடுங்கி எடுத்துக்கொண்டிருந்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் எங்கள் கம்பெனி. சின்ன டீம், அவர்தான் தலைவர். நான் கதையும் வசனமும் எழுதுகிறேன். பக்கத்து சீட் ஷர்மிளா படம் வரைகிறாள். ஒருத்தரிடமும் ஐடியா இல்லை. நான் வாயைத் திறந்தேன்.

"ஹீரோ பேர் கஜபதி சார். கூடப்பிறந்தவங்க மட்டும் பதினோரு பேர். வீட்ல ஒரே பாத்ரூம். காலையில எல்லாரும் ஸ்கூலுக்குக் கிளம்பணும். அதான் முதல் லெவல்."

சிரித்தார்கள். சிரிக்கச் சிரிக்க எனக்கு வந்துகொண்டே இருந்தது. ஒரு சோப்பை நூல் கட்டி நாலாக அறுப்பது. அப்பா ஒரு பிள்ளையைக் கூப்பிட நாலு பெயர் சொல்லித் தடுமாறி ஐந்தாவதாகச் சரியான பெயருக்கு வருவது. ஷர்மிளா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்கிருந்து பிடிச்சே இதெல்லாம்?" என்றார் சார்.

"பக்கத்து வீடு சார். பெரிய ஃபேமிலி."

பக்கத்து வீடாம்.

நாங்கள் எட்டுப் பேர். நான் கடைசி. ஆனால் ஆபீஸில் எனக்கு ஒரே ஒரு அக்காதான். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் சொன்ன பொய். பள்ளிக்கூடத்தில் டீச்சர் எத்தனை பேர் என்று கேட்பார்கள், எட்டு என்பேன், வகுப்பே சிரிக்கும். காலேஜில் ஒருத்தி, "உங்க அப்பாவுக்கு வேற வேலையே இல்லையா?" என்று கேட்டாள். அதற்கப்புறம் எட்டு என்று யாரிடமும் நான் சொன்னதில்லை.

ஜூன் 13, வெள்ளி

ரயிலில் வரும்போது யோசித்தேன். நான் விளையாடிய கேம்களில் பெரிய குடும்பத்துக்காரன் யார் வந்தாலும் ஒன்று அவன் ஜோக்கர். இல்லையென்றால் முதல் காட்சியிலேயே குடும்பத்தை மொத்தமாகக் கொன்றுவிடுவார்கள், அவன் கத்தியை எடுக்க ஒரு காரணம் வேண்டும் என்பதற்காக. நிறையப் பேர் இருக்கும் வீடு சும்மா ஒரு வீடாக எங்கும் வந்ததில்லை. நானும் ஜோக்கரைத்தானே எழுதினேன்?

ஜூன் 24, செவ்வாய்

எழுதக் கூடாததை எழுதிவிட்டேன்.

சார் இன்னும் ஒரு நல்ல லெவல் கேட்டார். எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள். அந்தப் பார்வை எனக்குப் பிடித்திருந்தது, அதுதான் உண்மை. சொல்லிவிட்டேன்.

கஜபதியின் அக்காவைப் பெண் பார்க்க வருகிறார்கள். வீட்டில் மூன்று பிள்ளைகள்தான் என்று அப்பா சொல்லி வைத்திருக்கிறார். மீதிப் பேரைக் கட்டிலுக்கு அடியில், கதவுக்குப் பின்னால், தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் என்று ஒளித்து வைக்க வேண்டும். எல்லாரையும் ஒளித்தாலும் ஜெயிக்க முடியாது. மாப்பிள்ளையின் அப்பா கை கழுவப் பின்பக்கம் போவார். அங்கே கொடியில் பெரிசிலிருந்து சிறிசு வரைக்கும் வரிசையாக யூனிஃபார்ம் காயும். அதையும் எடுத்து மறைத்தால்தான் ஜெயிக்கலாம்.

இது எங்கள் ஆவடி குவார்ட்டர்ஸில் நடந்தது. அப்பா அப்போது டிஃபென்ஸ் ஃபாக்டரியில் வேலையில் இருந்தார். அம்மா தவறிப்போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. எனக்கு ஆறு வயது. கட்டிலுக்கு அடியில் யூஜின் அண்ணன் என் வாயைப் பொத்திக்கொண்டிருந்தான். பெண் சாராள் அக்கா. அந்த யூனிஃபார்ம் எல்லாம் அன்று காலை அக்கா கையால் துவைத்தது. கொடியைப் பார்த்த மாப்பிள்ளையின் அப்பா திரும்பி வந்து நடு ஹாலில் நின்று, "பொண்ணு பாக்க வந்தா இங்க ஒரு பட்டாளமே கீதே!" என்றார். காபியைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார்கள்.

அந்த வசனத்தை அப்படியே எழுதிக் கொடுத்தேன். ஒரு எழுத்துகூட மாற்றவில்லை.

ஷர்மிளா, "பொண்ணு மூஞ்சி எப்படி வேணும்?" என்றாள். "தலை குனிஞ்சு உக்காந்திருந்தா போதும். அவளுக்கு டயலாக் இல்ல" என்றேன்.

ஜூன் 25, புதன்

அக்கா கட்டிக்கொடுத்த சாப்பாட்டை இன்று ஆபீஸில் சாப்பிட முடியவில்லை. வாழைக்காய் வறுவல். ஷர்மிளாவுக்குக் கொடுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

கேம் வெளியானது. கேக் வெட்டினார்கள்.

ஆகஸ்ட் 30, சனி

எல்லாரும் பெண் பார்க்கும் லெவலைத்தான் திரும்பத் திரும்ப விளையாடுகிறார்களாம். "பட்டாளமே கீதே" என்பதை யாரோ ரீல்ஸாகப் போட்டு அது எங்கெங்கோ போகிறது. பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் இரண்டு காலேஜ் பையன்கள் அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டு போனார்கள். எனக்குப் பெருமையாக இருந்திருக்க வேண்டும். துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டேன்.

வீட்டில் இன்னும் யாருக்கும் தெரியாது. அக்கா போனில் கேம் கிடையாது. நெமிலிச்சேரியில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிற வேலை, வந்தால் சமையல், அப்பாவுக்கு மாத்திரை, படுக்கை. கேமெல்லாம் அவள் எங்கே பார்க்கப்போகிறாள்? இப்படி நினைத்து என்னை நானே சமாதானம் செய்துகொள்கிறேன். சீ.

செப்டம்பர் 9, செவ்வாய்

காய்ச்சல். ஆனாலும் இதை எழுதிவிட வேண்டும்.

மதியம் ஆபீஸில் தலை சுற்றிவிட்டது. வேண்டாம் வேண்டாம் என்றேன், ஷர்மிளா கேட்கவில்லை. ஆட்டோ பிடித்து முத்தாபுதுப்பேட்டையில் எங்கள் வீடு வரைக்கும் கொண்டுவந்து விட்டாள். இத்தனை வருஷமாக ஆபீஸ் ஆள் ஒருத்தரையும் வீட்டுப் பக்கம் வரவிட்டதில்லை. அப்பா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். அக்காவுக்கு இன்று காலை ஷிஃப்ட், அவள்தான் கதவைத் திறந்தாள்.

"நீங்கதான் சாராள் அக்காவா? ஒரே அக்கா, ஒரே அக்கான்னு எப்பவும் உங்களைப் பத்திதான் சொல்லுவா" என்றாள் ஷர்மிளா.

அக்கா என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

ஹாலில் அலெக்ஸ் அண்ணன் கல்யாண போட்டோ மாட்டியிருக்கிறது. எட்டுப் பேரும் வரிசையாக நிற்கிறோம். ஷர்மிளா அதன் முன்னால் போய் நின்றாள். "யாருக்கா இவ்ளோ பேர்? எல்லாரும் ஒரே ஜாடை!"

அக்கா போட்டோவைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். ஒரு நொடிகூட இருக்காது.

"அதுவா? எங்க சித்தப்பா பசங்கம்மா. கல்யாணத்துல எடுத்தது. உக்காரு, டீ போடறேன்."

எனக்காகப் பொய் சொன்னாள். முகம் சுளிக்காமல், குரல் மாறாமல். கூடப்பிறந்த ஆறு பேரை சித்தப்பா பிள்ளைகளாக்கிவிட்டு டீ போடப் போனாள்.

ஷர்மிளா போனதும் கஞ்சி கொடுத்தாள், மாத்திரை கொடுத்தாள், நெற்றியில் ஈரத்துணி போட்டாள். திட்டவே இல்லை. திட்டித் தொலைச்சிருக்கலாமே. ஏன்க்கா திட்டல?

செப்டம்பர் 14, ஞாயிறு

தெரிந்துவிட்டது.

ஆராதனை முடிந்து அலெக்ஸ் அண்ணன் வீட்டுக்கு வந்தான். வேன் ஓட்டுகிறவன். சவாரிக்குக் காத்திருக்கும்போது கேம் விளையாடுவானாம். "ஏ ஜெபி, உங்க கம்பெனி கேமாமே இது? அந்த பாத்ரூம் லெவல் நம்ம ஊடேதான்! சோப்பைக்கூட உடல பாரு! சாராளு, இங்க வா, இத்தப் பாரு" என்று போனை அக்கா கையில் திணித்தான். அவன் அந்த முதல் லெவலைத் தாண்டியே போயிருக்கவில்லை.

அக்கா சிரித்துக்கொண்டேதான் விளையாடினாள். பாத்ரூம் முடிந்தது. அடுத்தடுத்து முடிந்தது. நான் அடுப்படி வாசலில் நின்றேன். போனைப் பிடுங்கியிருக்கலாம். பிடுங்கவில்லை.

பெண் பார்க்கும் லெவல் வந்தது. அக்காவின் சிரிப்பு நின்றது. ஆனாலும் விளையாடினாள். ஒவ்வொருத்தராக ஒளித்தாள். கட்டிலுக்கு அடியில் சின்னதுகள் இரண்டை வைத்தாள். கொடி அவளுக்கு ஞாபகம் இருந்திருக்கும், நிச்சயம் இருந்திருக்கும். ஆனால் அதைத் தொடவில்லை. போனிலிருந்து அந்தக் குரல் வந்தது: "பொண்ணு பாக்க வந்தா இங்க ஒரு பட்டாளமே கீதே!"

அலெக்ஸ் அண்ணன் என்னைப் பார்த்தான். "இன்னாடி இது?" என்றான்.

அக்கா போனை அவனிடம் கொடுத்தாள். "குழம்பு அடிபுடிக்குது" என்று உள்ளே போனாள். அடுப்பைப் பற்றவே வைத்திருக்கவில்லை.

செப்டம்பர் 15, திங்கள்

காலையில் இருவரும் ஒரே ஷேர் ஆட்டோவில் ஆவடி ஸ்டேஷனுக்குப் போனோம். அவள் நெமிலிச்சேரிக்கு, நான் பட்டரவாக்கத்துக்கு, எதிரெதிர் பிளாட்ஃபார்ம். மேம்பாலப் படிக்கட்டில் நின்றாள்.

"அன்னைக்கு உங்களையெல்லாம் ஒளிச்சு வெச்சது அப்பா. எனக்கு ஒரு நல்லது நடக்கணும்னு. சரி. நீ யாருக்காகடி எங்களை ஒளிச்சு வெச்சே?"

கூட்டம் இடித்துக்கொண்டு போனது.

"சிரிச்சாங்களா உங்க ஆபீஸ்ல?"

"ம்."

"நீயும் சிரிச்சியா?"

அவள் ரயில் வந்துவிட்டது. போய்விட்டாள். சிரித்தேன். நானும்தான் சிரித்தேன்.

செப்டம்பர் 17, புதன்

ஆபீஸில் சொல்லிவிட்டேன். பக்கத்து வீடு இல்லை, எங்கள் வீடு. ஒரு அக்கா இல்லை, நாங்கள் எட்டுப் பேர். அந்தப் பெண் என் அக்கா. அந்த லெவலை எடுத்துவிட வேண்டும்.

சார் லேப்டாப்பை மூடினார். "ஜெபிஷா, கேம் ஓடறதே அந்த லெவலாலதான். டக்குனு தூக்க முடியாது. மாத்தறதுக்கு வேணா வழி இருக்கான்னு யோசிச்சுட்டு வா" என்றார். கோபப்படவில்லை.

கோபப்பட்டது ஷர்மிளா. "அவங்க கையால டீ வாங்கிக் குடிச்சேன்டி. தலை குனிய வெச்சு அவங்களை வரைஞ்சதும் நான். டயலாக் இல்லன்னு சொன்னது நீ." சாப்பாட்டு நேரத்தில் வேறு மேஜைக்குப் போய்விட்டாள். போகட்டும். நானாக இருந்தாலும் போயிருப்பேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

அக்காவிடம் போய் நின்றேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"எடுக்கச் சொல்லிட்டேன்க்கா. அவங்க ஒத்துக்கலன்னா நான் வேலையை விட்டுடறேன்."

"கேக்காம வெச்சே. இப்போ கேக்காம எடுக்கப் போறியா?"

"அப்போ இன்னாதான் பண்ணச் சொல்றே?" கத்திவிட்டேன். கத்துவதற்கு எனக்கு என்ன உரிமை?

அவள் மடித்துக்கொண்டே சொன்னாள்: "அந்தப் பொண்ணு கடைசி வரைக்கும் உக்காந்தே கீது. அவங்க எழுந்து போறாங்க, இவ தலையே நிமிரல. நான் அப்படித்தான்டி உக்காந்திருந்தேன். அவங்க செருப்பு மாட்டற வரைக்கும். அந்தாளு பட்டாளம்னு சொன்னப்பவே நான் எழுந்திருக்கணும். போய்ட்டு வாங்கன்னு சொல்லியிருக்கணும். என் தம்பி தங்கச்சிங்களைத்தானே சொன்னான்."

மடித்த துணியை என் கையில் வைத்து, "உனக்கு எழுதத் தெரியும்ல? அவளை எழுந்திரிக்க வை" என்றாள்.

அதற்கப்புறமும் என்னோடு சரியாகப் பேசவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

அக்டோபர் 31, வெள்ளி

மாற்றிய லெவல் வெளியானது. இப்போது அந்த ஆள் பட்டாளம் என்றதும் திரையில் பெண்ணைத் தொட்டால் அவள் எழுந்து நிற்பாள். காபித் தட்டைத் திரும்ப எடுத்துக்கொள்வாள். "ஆமா, பன்னெண்டு பேர். கதவு அந்தப் பக்கம் கீது" என்பாள். கட்டிலடியிலிருந்து எல்லாரும் வெளியே வருவார்கள். முகத்தை ஷர்மிளா புதிதாக வரைந்து கொடுத்தாள். கொடுக்கும்போது என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் ஐந்து முறை அழித்து வரைந்தாள் என்று சார் சொன்னார்.

பழையதுதான் காமெடி, கெடுத்துவிட்டார்கள் என்று நிறையப் பேர் திட்டியிருக்கிறார்கள். விஷயம் தெரிந்ததிலிருந்து யூஜின் அண்ணன் குடும்ப வாட்ஸாப் குரூப்பில் என் குட்மார்னிங்குக்குக்கூடப் பதில் போடுவதில்லை.

அக்காவிடம் போனை நீட்டினேன். "அப்புறம் பாக்கறேன்" என்றாள். பார்க்கவில்லை.

டிசம்பர் 25, வியாழன்

அதிகாலை ஆராதனை முடிந்ததும் அக்கா ஒரு பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். லேபில் கூட வேலை செய்கிறவர்களோடு ஏற்காடு, மூன்று நாள். போன வாரம்தான் சொன்னாள். யாரையும் கேட்கவில்லை, சொன்னாள். வழக்கமாகக் கிறிஸ்துமஸ் அன்று குடும்பம் மொத்தத்துக்கும் அவள்தான் பிரியாணி போடுவாள்.

மீதி ஏழு பேரும் அடுப்படியில் முட்டிக்கொண்டு நின்றோம். பெரிய அண்டா எங்கே, பட்டை கிராம்பு எந்த டப்பாவில், ஒருத்தருக்கும் தெரியவில்லை. அலெக்ஸ் அண்ணன் வெங்காயம் உரித்துக் கண்ணீர் விட்டான். ரெனிதா அக்கா அரிசியைக் குழைத்துவிட்டாள். யூஜின் அண்ணன் என்னைப் பார்க்காமலே தயிரை நகர்த்தி வைத்தான். கலக்கு என்று அர்த்தம்.

அப்பா எட்டிப் பார்த்தார். நாகர்கோவிலை விட்டு வந்து நாற்பது வருஷமாகியும் அவர் பேச்சு மாறவில்லை. "மக்களே, எல்லாரும் வந்தாச்சா? சாராளை எங்க?"

"ஊருக்குப் போயிருக்குப்பா."

"அவ எதுக்குப் போனா?" என்றார்.

கடைசியில் நான்தான் போன் போட்டேன். வண்டி ஆம்பூர் தாண்டிவிட்டதாம். பின்னால் பெண்கள் பாட்டுப் பாடும் சத்தம்.

"அக்கா, பெரிய அண்டாவை எங்க வெச்சிருக்கே?"

"தேடிப் பாருடி. ஏழு பேரு கீறீங்க இல்ல. இப்பதான் கண்ணை மூடினேன், போனை வை."

வைத்தேன்.